சுருதி என்னுடையது

ஆகஸ்ட் 6
வேல்ஸ் தேசியக் கலைவிழா மைதானம் முழுக்கச் சேறு. கட்சிக் கூடாரத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே மெரெரிட் சொன்னாள்: "அடுத்தவங்க சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, டவ்ரிக். தலைவர் தேர்தல்ல உங்கள எதிர்த்து நிக்கிறேன்."

நல்லது, நில் என்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19
கார்மார்தன் கூட்டம். முப்பது வயதுக்கு மேல் வெல்ஷ் கற்றவள் அவள். தப்பாகப் பேசி, தானே சிரித்தாள். அரங்கமே உருகியது. நான் பிறந்த மொழியில் ஒரு பிழையில்லாமல் வேல்ஸின் விடுதலை பற்றிப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். நம் ஆள்தான்!

செப்டம்பர் 2
பொறாமையா எனக்கு? ஆமாம். வயிறு எரிகிறது.

செப்டம்பர் 11
தொலைக்காட்சியில் அவள் பேட்டி. லினெட் விழுந்து விழுந்து சிரித்தாள். என் மனைவி!

"எதுக்கு இப்ப சிரிச்ச?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கும் கட்சில அனுமதி வாங்கணுமா?"

செப்டம்பர் 20
ஒன்று மட்டும் நிச்சயம். அவளுக்குப் பாட வராது. எந்தக் கூட்டம் முடிந்தாலும் தேசிய கீதத்துக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பவன் நான். அதை எந்த ஓட்டும் பிடுங்க முடியாது.

செப்டம்பர் 29
தோற்றேன். கொஞ்சம் ஓட்டில்தான் — அதுதான் இன்னும் எரிகிறது.

முடிவு அறிவித்ததும் எல்லோரும் எழுந்து வழக்கம்போல என்னைப் பார்த்தார்கள். மேடையில் என் பக்கத்தில் அவள். வேண்டுமென்றே ரெண்டு கட்டை ஏற்றி எடுத்தேன். புதுத் தலைவியின் குரல் உடையட்டும், ஊர் பார்க்கட்டும் — சே, என்ன மனுஷன்டா நான்?

உச்சத்தில் உடைந்தது என் குரல். அரங்கம் தடுமாறி நின்றது. அவள்தான் அந்த வரியைக் கீழே இறக்கி, கரகரவென்று பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

முடிந்ததும் என் முழங்கையைத் தொட்டாள். "அடுத்த தடவ கொஞ்சம் கீழயே எடுங்க. எனக்காக."

தெரிந்துதான் சொன்னாளா?

செப்டம்பர் 30
"தொண்டை கட்டிடுச்சாப்பா?" என்று லினெட் வெந்நீரில் தேன் கலந்து தந்தாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 14
டோல்கெத்லி கிளைக் கூட்டம். தலைவி வந்திருந்தாள். தாழ்த்தியே எடுத்தேன். இத்தனை வருஷமாக வாயை மட்டும் அசைத்தவர்கள்கூடப் பாடினார்கள். எனக்கும் அதுதான் சுகமாக இருந்தது.

பொறுக்கவில்லை.