ஒன்று போதும் என்ற மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், குறை ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் பெரியவளும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள், சுகமாக இருப்பதற்குத்தானே சுமையைக் குறைத்துக்கொண்டு விமானம் ஏறினீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

மருந்துக்கடை எப்போதும் போலத்தான், இருமல் காலம் என்பதால் சிரப் பாட்டில்கள் அலமாரியில் தங்குவதில்லை. அப்பா கல்லாவில், நான் உள்ளே. உன் சின்னவள் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலியான அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி அடுக்குவாள். வந்த புதிதில் அப்பாவிடம் போய், "தாத்தா, பே... பேச்சு சரியாகுற மாத்திரை எந்த டப்பால இருக்கு?" என்று கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்று சொன்னதற்கு, "மே... மேல் தட்டுல பாத்தீங்களா?" என்றாள். உன் அப்பா அன்று ஏணியில் ஏறி, இல்லாத மாத்திரையைத் தேடுவது போல நின்றுகொண்டு, கீழே இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அழுகிறவர் ஏணியில் நிற்கக் கூடாது, வயசான காலத்தில் விழுந்து வைத்தால் யார் பார்ப்பது.

நீங்கள் போன அழகைச் சொல்கிறேன், உனக்குத் தெரியாதே, நீதான் வண்டியில் ஏறிவிட்டாயே. "புது ஸ்கூலுக்குத் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாம்மா" என்று குழந்தையை அப்பாவோடு கடைத்தெருவுக்கு அனுப்பினாய். எனக்கே முந்தின நாள்தான் சொன்னாய், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரட்டையரில் பெரியவளை மட்டும்தான் எடுத்தார்கள், சின்னவளுக்குப் பேச்சு திக்குகிறது என்று தள்ளிவிட்டார்கள், ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று. நானும் நம்பினேன், பெற்ற பாவம். குழந்தை ஒரே நிறத்தில் இரண்டு பாட்டில் வாங்கி வந்தாள், ஒன்று அக்காவுக்காம். வீட்டில் உங்கள் மூன்று பேரையும் காணாததைப் பார்த்துக் கண்ணாமூச்சி விளையாடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணி அலமாரிக்குள் என்று சிரித்துக்கொண்டே தேடினாள். எல்லா இடமும் தேடி முடித்த பிறகுதான் சிரிப்பை நிறுத்தினாள்.

வருஷத்தை வீணாக்க வேண்டாம் என்று இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேன். தலைமையாசிரியை பெயர் கேட்டார். இவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு திக்கல் இல்லாமல், கணீரென்று அக்காவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயருக்குத்தானே இடம் கிடைத்தது, அதைச் சொன்னால் இங்கேயும் கிடைக்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் சொல்லிப் பழகியிருக்கிறாள். நான் திருத்தினேன். "உன் பேரைச் சொல்லு கண்ணு, எவ்ளோ நேரம் ஆனாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பேனாவை மூடிவைத்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு தவித்தாள், வெளியே அடுத்த ஆள் செருமுகிறார், இவர் அசையவில்லை. பெயர் முழுசாக வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். பெற்றவனுக்கு இல்லாத பொறுமை எவளுக்கோ இருந்தது.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அங்கேயிருந்து கம்ப்யூட்டரில் நேர்காணல், குழந்தையைத் தயார் பண்ணு என்று சொல்லியிருந்தாயே, பண்ணினேன். தலை வாரி உட்கார வைத்தேன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து அம்மாள் நல்ல மாதிரி. எனக்கு அந்த பாஷை மருந்து அட்டையில் இருக்கிற அளவுக்குத்தான் வரும் என்று தெரிந்துகொண்டு மெதுவாகவே பேசினாள். போன வருஷமே இரண்டு பேரையும் கூட்டி வரச் சொன்னோமே, திக்கிப் பேசுகிற பிள்ளைகளுக்கென்றே எங்களிடம் தனி டீச்சர் இருக்கிறாரே, பிள்ளைகளின் அப்பாதான் இப்போதைக்கு ஒன்று போதும் என்றுவிட்டார் என்றாள். மறுபடியும் கேட்டேன், அதையேதான் சொன்னாள். ஒன்று போதும். கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் யோசிப்பான். புது ஆபீஸ், புது மனிதர்கள், நாலு பேர் முன்னால் பிள்ளை திக்கினால் உனக்கும் மருமகளுக்கும் தலைகுனிவு, அவ்வளவுதானே?

பக்கத்தில் இருந்த குழந்தை, "எ... என்ன சொல்றாங்க பாட்டி?" என்றாள். நான் மறைக்கவில்லை. "உன்னை அவங்க வேணாம்னு சொல்லவே இல்லையாம், உங்கப்பாதான் விட்டுட்டுப் போயிருக்கான்" என்றேன். குழந்தையிடம் இப்படியா சொல்வார்கள் என்று நீ குதிப்பாய். குதி. பேச்சு சரியில்லாததால்தான் அம்மா அப்பா போனார்கள் என்று அவள் தன் நாக்கைத்தானே கடித்துக்கொண்டிருந்தாள், அதற்கு இது தேவலை. பிறகு அந்த அம்மாள் பெயர் கேட்டாள், எத்தனை வயது என்று கேட்டாள், பொம்மையைக்கூடக் காட்டிப் பார்த்தாள். இவள் வாயைத் திறக்கவே இல்லை. திரை அணைந்த பிறகு என்னிடம், "சொ... சொல்ல வந்துச்சு பாட்டி. நான் சொல்லல" என்றாள். அதனால் குழந்தைக்குப் பேச வராது என்று அவர்களிடமிருந்து உனக்குப் பதில் வந்திருக்கும், அதைத் திக்குவாயின் கணக்கில் எழுதாதே.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நேற்று பெரியவள் போன் செய்தாள், நீங்கள் அடுத்த அறையில் இருந்தீர்கள் போல. மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நாளைக்கு கிளாஸ்ல டெஸ்ட். நான் தப்பா சொல்லிட்டா என்னையும் விட்டுட்டுப் போயிடுவாங்களா?" என்று தங்கையிடம் கேட்கிறாள். இவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "வி... விட மாட்டாங்க. நீதான் நல்லா பேசுறியே" என்று அவளைத் தேற்றினாள்.

மறக்காமல் பெரியவளுக்கு நீயே ஒரு பதில் சொல். சொல்ல முடியாவிட்டால் அவளையும் இங்கே கொண்டுவந்து விடு. சின்னவளுக்கு டிக்கெட் எடுக்காதே, அவள் வர மாட்டாள், நானும் அனுப்ப மாட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கட்டும். உனக்கும் மருமகளுக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதே என்று அப்பா கேட்டுக்கொண்டார், அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்