‘எல்லாம் இருக்கு சார்’ என்ற பதிலைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்
மாணவர் பிரதிநிதி,
குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் பிரிவு, இரண்டாம் ஆண்டு,
சமுதாயக் கல்லூரி,
பேருந்துப் பணிமனை பின்புறம்.

பெறுநர்
உயர்திரு மண்டல நிதி ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
தொழிற்கல்வித் துறை அலுவலகம்,
இரண்டாம் தளம்.

பொருள்: சமுதாயக் கல்லூரி – மாணவர் சேவை அறைக்கான நிதி நிறுத்தப்பட்டது – ஆய்வின்போது நான் அளித்த பதிலைத் திரும்பப் பெறுவது – அறையை மீண்டும் திறக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் நிதி நிறுத்த ஆணை, பத்தி மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தாங்கள் எங்கள் கல்லூரியை ஆய்வு செய்ய வந்தபோது, செய்முறைக் கூடத்தில் வெள்ளை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் நான். எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் தங்களுக்கு நினைவிருக்கலாம். பிறகு முதல்வர் அறையில் தங்களுக்குத் தேநீர் கொண்டு வந்து வைத்தவளும் நானே. கூடத்தில் தாங்கள் என்னைப் பார்த்து, “ஏம்மா, படிக்கிறதுக்கு எல்லா வசதியும் இருக்கா?” என்று கேட்டீர்கள். “எல்லாம் இருக்கு சார்” என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தங்களுடன் வந்த உதவியாளர் அதை எழுதிக்கொண்டார்.

2. பார்வையில் கண்ட ஆணையில், “அனைத்து வசதிகளும் இருப்பதாக மாணவர்களே நேரில் தெரிவித்துள்ளதால், மாணவர் சேவைகளுக்கெனத் தனி நிதி அவசியமில்லை எனக் கருதப்படுகிறது” என்று உள்ளது. ‘மாணவர்களே’ என்பதில் இருக்கும் அந்த ஏகாரத்துக்குச் சொந்தக்காரி நான்தான். நான் சொன்னது பொய். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது.

3. மாணவர் சேவை அறை என்று ஆணையில் சொல்லப்படுவது, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய அறை. அதில் ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ, தரையில் ஒரு பாய். அதன் பொறுப்பாளரை எல்லோரும் ‘ரூம் அக்கா’ என்போம். பஸ் பாஸ் விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதித் தருவது அவர்தான். எங்களால் வாங்க முடியாத கருவிகளை பீரோவிலிருந்து எடுத்து, சாயங்காலம் திருப்பித் தரச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். படிப்பை விடப்போகிறேன் என்று வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி, திரும்ப வகுப்புக்கு அனுப்புவார். “ரூம் அக்காகிட்ட சொல்லு, கல்யாணமே பண்ணி வெச்சிடுவாங்க” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பாய், படிக்க வரும் தாய்மார்களின் குழந்தைகளுக்கானது. என் அண்ணியின் மகளும் அதில்தான் தூங்கினாள்.

4. அண்ணி இதே கல்லூரியில் செவிலியர் உதவியாளர் படிப்பு படிக்கிறார். அண்ணன் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலைக்குப் போகிறார். குழந்தையை விட்டுவிட்டு வர எங்களுக்கு வேறு இடம் இல்லை. படிப்பு முடிந்தால் அம்மா துடைக்கும் அதே வார்டில் அண்ணி சீருடையோடு நிற்கலாம் என்பது எங்கள் வீட்டின் கணக்கு.

5. தாங்கள் வருவதற்கு முந்தைய நாள் முதல்வர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். “வீட்டுக்கு ஆள் வந்தா கொடியில கிடக்கிற துணியை உருவி உள்ள போடுறதில்லையா, அது மாதிரிதான். ஒரு நாள் சமாளிங்க” என்றார். சமாளித்தோம். கதவில்லாத கழிப்பறைக்குத் திரை கட்டினோம். தாங்கள் உள்ளே கைவைத்துப் பார்த்து, “நல்லா கூலிங்கா இருக்கே” என்று பாராட்டிய அந்த வெள்ளை ஃப்ரிட்ஜ் எங்களுடையது அல்ல. எங்கள் ஆசிரியரின் நண்பர் கடையிலிருந்து வந்தது. அன்று மாலையே கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. எங்கள் ஃப்ரிட்ஜுக்கு நிரப்ப கேஸ் இல்லை. காலி சிலிண்டரைப் பொருத்தி, கேஸ் ஏறுவதாக வைத்துக்கொண்டுதான் பாடம் படிக்கிறோம். நாளை ஒரு வீட்டில் போய் நிஜ ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது என்ன வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

6. பாயைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் நிறுத்தினோம். ரூம் அக்கா குழந்தைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். ஒளிந்து விளையாடுகிறோம் என்று சொல்லித்தான் அவர்களை அமைதியாக வைத்திருந்தார். தாங்கள் முற்றத்தில் நின்றபோது மேலிருந்து, “நான் இங்கதான் இருக்கேன், கண்டுபிடி” என்று ஒரு குரல் கேட்டது. தாங்கள் நிமிர்ந்து, “யாரது மேல?” என்றீர்கள். “பக்கத்து வீட்டுக் குழந்தை சார்” என்றார் முதல்வர். குழந்தையின் தாய் தங்களுக்கு இரண்டடி பின்னால்தான் நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்காமல் நின்றேன். தாங்கள் புன்னகைத்துவிட்டு நகர்ந்தீர்கள்.

7. அதற்குப் பிறகுதான் கூடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்.

8. முதல்வர் மீது நடவடிக்கை எடுக்க நான் கோரவில்லை. அவருக்கும் காரணம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லூரி உள்ளதை உள்ளபடி காட்டியது; ‘நிர்வாகம் சரியில்லை’ என்று அதை மூடினீர்கள். நாங்கள் இல்லாததை இருப்பதாகக் காட்டினோம். ‘தேவையில்லை’ என்று நிதியை நிறுத்தினீர்கள். இரண்டில் எதைக் காட்ட வேண்டும் என்று தங்கள் அலுவலகம் எழுத்துமூலம் தெரிவித்தால், அதற்கேற்பத் திரையைக் கட்டவோ அவிழ்க்கவோ செய்கிறோம். இப்படி எழுதுவது மரியாதைக் குறைவாகப் பட்டால் மன்னிக்கவும். மரியாதையாகப் பேசித்தான் அறையை இழந்தோம்.

9. ஆணை வந்த வாரமே ரூம் அக்காவை வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள். அறை பூட்டப்பட்டது. அண்ணி சில நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்புக்குப் போனார். ஊசி, மருந்து இருக்கும் இடத்தில் குழந்தையை விட முடியாது என்றார் ஆசிரியை. அவர் சொன்னது சரிதான். அண்ணி இப்போது வீட்டில் இருக்கிறார். இன்னும் சில வகுப்புகள் தவறினால் வருகைப்பதிவு குறைந்து, செய்முறைத் தேர்வு எழுத முடியாது. என்மேல் அவர் கோபப்படவில்லை. நேற்று நான் தட்டில் கைவைத்தபோது, “நீ சாப்பிடு. நான் அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

10. ஏன் அப்படிச் சொன்னாய் என்று தாங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். யாரும் மிரட்டவில்லை. நாங்கள் இன்னொருவர் வீட்டுக்குப் போகும்போது அவர்கள், “சாப்பிடுறியா?” என்று கேட்டால், வயிறு காய்ந்தாலும் “இப்பதான் ஆச்சு” என்று சொல்லி வளர்ந்தவர்கள். இல்லை என்று சொல்ல வாய் வராது. அதுவும் எல்லோர் முன்னாலும், இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவரிடம் வராது. குறையைச் சொன்னால் குறை எங்களுடையதாகிவிடும் என்று எங்களுக்குள் எப்படியோ பதிந்துபோயிருக்கிறது. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று யோசித்தால் வெட்கம் போய்க் கோபம் வருகிறது. கோபம் போனதும் திரும்ப வெட்கமே வருகிறது.

11. ஆகவே, நான் அளித்த பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மாணவர் சேவை அறைக்கான நிதியைத் திரும்ப ஒதுக்கி, ரூம் அக்காவை மீண்டும் பணியமர்த்தி, செய்முறைத் தேர்வுக்கு முன் அறையைத் திறக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். என் பதிலை மாற்ற என் கையொப்பம் மட்டும் போதாது என்றால், தாங்கள் நேரில் வர வேண்டும். முன்கூட்டித் தெரிவிக்காமல் வர வேண்டும்.

12. கடைசியாக ஒன்று. அன்று முதல்வர் அறையில் நான் தேநீரை வைத்தபோது தாங்கள், “வேண்டாம்மா, இப்பதான் குடிச்சேன்” என்றீர்கள். வெயிலில் வந்திருந்தீர்கள், உதடு காய்ந்திருந்தது. அதனால், “பரவாயில்ல, குடிங்க சார்” என்று மறுபடியும் சொன்னேன். முழுக் கோப்பையையும் குடித்தீர்கள். தங்களையும் எங்களைப் போலத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்தது. ஐயா, எங்களைத் தாங்கள் ஒரு முறைதான் கேட்டீர்கள். மறுபடியும் ஒரு முறை கேளுங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்தபின்
இடம்: பூட்டிய சேவை அறையின் வாசல்

இப்படிக்கு,
முன்பு தவறாகப் பதில் சொன்ன மாணவி
(கையொப்பம்)

இணைப்பு: பார்வையில் கண்ட ஆணையின் நகல். மூன்றாம் பத்தியில் என் பதிலின் கீழ்க் கோடிட்டுள்ளேன்.