கார்டு மாற்றியும் நின்ற படம்

தம்பி,

உன் கம்ப்யூட்டரை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் சூடான தூசி வாசனை வருகிறது. விசிறியைத் துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுகோடி வெல்டிங் கடையில் நீ செய்து வாங்கிய இரும்புச் சட்டத்தில், அந்தப் பழைய கார் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உன்னைப் போல எனக்குத் திரையில் கார் ரேஸ் விளையாட வராது. உன் ஞாபகம் தாங்காதபோது ரெண்டு சுற்று ஓட்டுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு வளைவில் படம் நின்று குதித்தது. வளைவுக்கு முன்னால் இருந்த என் கார், அடுத்து நான் பார்க்கும்போது புல்லில் கிடந்தது.

ஆஸ்டின் டவுன் வீட்டு முன்னறையில் இதே சீட்டிலிருந்து எத்தனை முறை சலித்துக்கொண்டிருப்பாய், படம் நிக்குதுக்கா என்று. நான் பக்கத்தில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது நின்றதாகவே தெரியாது. இல்லையேடா என்றால் கேலிதான். "உனக்கு முப்பது பிரேமும் ஒண்ணு, அறுபது பிரேமும் ஒண்ணு. சீரியல் பாக்குற கண்ணு." நானும் சிரித்தேன், நம்பினேன். உனக்குத் தெரியாத கம்ப்யூட்டரா?

திரைக்குப் படம் வரைகிற அந்தக் கார்டு நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது பெரிசில்லை, ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் வர வேண்டும் என்பாய். ஒன்று பிந்தினாலும் கை தப்பாகத் திருப்பிவிடுமாம். நிழலை அணைத்தாய். கேலரியில் இருந்த கூட்டத்தை அணைத்தாய். மரங்களை, பின்பக்கக் கண்ணாடியை எல்லாம் அணைத்து, மொட்டைத் தரையில் ஓட்டினாய். "அழகு வேணாம்க்கா, சீரா வந்தா போதும்." அப்போதும் நின்றது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார்டு, எவனோ பிட்காயின் மைனிங்கில் ராப்பகலாக ஓடவிட்டு வறுத்தது என்று அதைத் திட்டினாய். புதுசு வாங்கி மாட்டினாய். சில நாள் வெண்ணெயாக ஓடியது, மறுபடி நின்றது. அப்புறம் கேபிள், அப்புறம் பவர் சப்ளை. கம்ப்யூட்டரிலேயே பிழைக்கிறவன் நீ. எது நின்றாலும் மிஷினைத்தான் கழற்றினாய்.

சந்தாபுரா தாண்டி, ரோடு வளைகிற இடத்தில் உன் பைக் வளையவில்லை. அங்கே டீக்கடை வைத்திருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிரேக்கும் புடிக்கலம்மா, திருப்பவும் இல்ல. நேரா பாத்துனே போயிட்டாரு."

காரியம் எல்லாம் முடிந்தும் எனக்குத் தூக்கம் வராமல் டாக்டரிடம் போனபோது, பேச்சுவாக்கில் இந்தக் கார்டு கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, படம் நின்றது உங்கள் தம்பிக்கு மட்டும்தானா என்று கேட்டார். சிலருக்கு வலிப்பு இப்படியும் வருமாம், நினைவு மட்டும் சில நொடி நின்று ஓடும். கை கால் வெட்டி இழுக்காது, கீழே விழமாட்டார்கள். அவர்களுக்கே தெரியாது, உலகம்தான் குதித்ததுபோல இருக்கும் என்றார். கூடப் பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று அவர் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை படம் குதித்ததும் உன் மாமாவை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் ஓட்டுகிறேன், படம் நின்றால் சொல்லுங்கள் என்றேன். சாமி, கார்டு பாழாகப் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். சுற்று மேல் சுற்று, ஒன்றும் ஆகவில்லை. பயம் கொஞ்சம் தணிந்த நேரத்தில் குதித்தது. கார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"நின்னுச்சுல்ல?" என்று கேட்டேன்.

அவர் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. "படம் நிக்கல. நீதான் அப்படியே இருந்த. ரெண்டு வாட்டி கூப்பிட்டேன்."

ஸ்கூட்டர் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அன்று காலையில்கூட பாப்பாவை முன்னால் நிற்கவைத்து ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போய்வந்தேன். அடுப்பைப் பற்றவைக்கப் பயம், மாடிப்படி இறங்கப் பயம். பேச்சில் ஒரு சொல் விட்டுப்போனால்கூட எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். வியாழக்கிழமை ஸ்கேன். மாத்திரையில் அடங்கும் என்கிறார்கள். உனக்கும் அடங்கியிருக்கும்டா.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். அந்த வளைவில் கடைசியாக நீ எப்படிப் பயந்திருப்பாய் என்று நினைத்து நினைத்துத்தான் நான் தூக்கத்தைத் தொலைத்தேன். இப்போது எனக்குத் தெரியும். சுவர் வந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நொடிகளில் ஒன்றுமே இல்லை, பயமும் இல்லை. பயமெல்லாம் திரும்பி வந்தவர்களுக்குத்தான்.