சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்

மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை

மகளுக்கு,

இன்று எனக்கு எழுபத்தொன்பது ஆண்டு, மூன்று மாதம், ஆறு நாள். இதை இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் உண்டு. அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று உன் தம்பி உன்னிடம் தொலைபேசியில் சொல்வது அடுத்த அறையில் எனக்குக் கேட்கிறது. இக்கடிதத்தில் இருப்பதை வயதின் கோளாறு என்று நீ தள்ளிவிடக் கூடாது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா என்று கேட்பது முறை. ஆனால் அவருக்குப் பார்வை குறைந்துவிட்டது, இனிக் கார் ஓட்டக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்த பிறகும் கேட்டால் அது வெறும் முறையாக மட்டுமே இருக்கும், ஆகவே கேட்கவில்லை. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள். ஆண்கள் மருந்தை மறப்பார்கள், பிறகு மருந்தையே குறை சொல்வார்கள்.

உன் அப்பாவின் காரை விற்கிறோம். பழைய கார்களைச் சேர்த்து வைப்பதே பொழுதுபோக்கான ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறாராம். அவர் வருவதற்குள் உள்ளே டீட்டெயிலிங், அதாவது இண்டு இடுக்கு விடாத சுத்தம், செய்தாக வேண்டுமென்று உன் தம்பி ஒற்றைக்காலில் நின்றான். உன் அப்பா போனதிலிருந்து நான்கு வருடமாகக் கொட்டகையில் கிடந்த வண்டி, ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் இருந்தால் போதாதா என்றேன். அவன் என்னை, எழுதப் படிக்கத் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்து, "அம்மா, அது வாஷிங். இது டீட்டெயிலிங். ரெண்டும் வேற" என்றான். வேறுதான். நேற்றுக் காலை பார்த்துத் தெரிந்துகொண்டேன். கழுவுகிறவன் வேலையைத் தொடங்குவான். டீட்டெயிலிங் செய்கிறவர் முதலில் தான் வந்த வேனைப் படம் பிடிப்பார், பிறகு காரைப் படம் பிடிப்பார், பிறகு காரின் முன்னால் தன்னைப் படம் பிடிப்பார், அதற்குப் பிறகு தேநீர் கேட்பார். மார்பில் பெயர் தைத்த கறுப்புச் சட்டை, கையில் கறுப்பு உறை, அறுவை சிகிச்சைக்கு வந்தவரைப் போன்ற முகபாவம். கூட அவர் மனைவி. அவளுக்குச் சட்டையில் பெயர் இல்லை. வேனிலிருந்து இயந்திரத்தைத் தனியாக இறக்கியவள் அவள்தான்.

இயந்திரம் என்றால் சக்கரம் வைத்த ஒரு சின்ன டிரம், அதன்மேல் அழுத்தம் காட்டும் முள், அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் நுனியில் பித்தளை மூக்கு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாகப் பீய்ச்சும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்தவரே தாம்தான் என்பது போல அந்த மனிதர் எனக்கு அரைமணி நேரம் விளக்கினார். "வெறும் தண்ணிதான் டீச்சரம்மா, கெமிக்கலே கிடையாது" என்றார். தண்ணீரும் கெமிக்கல்தான் என்றேன். "கிருமி பூரா செத்துடும்" என்றார். எத்தனை நொடி, எந்த வெப்பத்தில், எந்தக் கிருமி என்று கேட்டேன். "எல்லாக் கிருமியும்தான்" என்றார். "ஆவி எப்படி வெள்ளையா வருது பாருங்க" என்று பெருமையாக நீட்டியபோது, கண்ணுக்குத் தெரியும் வெள்ளை ஆவி இல்லையப்பா, குளிர்ந்துபோன நீர்த்துளி, மூக்குக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒன்றுமே தெரியாத அந்த ஓர் அங்குலம்தான் ஆவி, கையை அங்கே வைக்காதே என்றேன். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவளிடம் ஆவியைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமே இல்லை. உன் தம்பிக்கோ என்னைப் பற்றிக் கூச்சம் தாங்கவில்லை, "அம்மா, கொஞ்சம் உள்ள போறியா?" என்றான். நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் கூரைத் துணி தொங்கியதை யார் பார்த்திருப்பார்கள்? காரின் உட்கூரையில் ஒட்டிய துணிக்குப் பின்னால் இருப்பது பசை. பசைக்குச் சூடு ஆகாது. மேலாகத் தடவிக்கொண்டு போக வேண்டிய இடத்தில், நம் நிபுணர் மூக்கை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு உன் தம்பியின் கேமராவுக்குப் பேட்டி கொடுத்தார். பேட்டி முடிந்தபோது துணி ஒரு சாண் தொங்கி அவர் தலையிலேயே உட்கார்ந்தது. "இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சும்மா" என்றார். நான்கு நிமிடத்துக்கு முன்னாடியா என்று கேட்டேன். அவர் மனைவி சிரிப்பை அடக்கத் தலையை இருக்கைக்கு அடியில் விட்டுக்கொண்டாள். "மேல நான் பாத்துக்கறேன், நீங்க வெளியில டயரப் பாருங்க" என்று அவரை அனுப்பிவைத்தாள். அப்படி நாசூக்காக ஒரு கணவனை வெளியேற்ற எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அவளைப் பற்றி மட்டும் எனக்குக் குறையில்லை, எழுதிவைக்கிறேன், நான் இப்படி எழுதுவது அரிது என்பது உனக்குத் தெரியும். முதலில் தூசியை உறிஞ்சி எடுத்தாள். தையல் இடுக்குகளில் காற்றைப் பீய்ச்சி உன் ஹேர்பின் இரண்டு, பேனா மூடி ஒன்று, உன் அப்பாவின் மாத்திரை அட்டை ஒன்று எடுத்து வரிசையாகத் துணியில் வைத்தாள். பித்தளை மூக்கில் துண்டைச் சுற்றி, இருக்கையின் அடியில் யாருக்கும் தெரியாத ஒரு மூலையில் சாயம் போகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் மேலே வந்தாள். பொத்தான்கள், கம்பிகள் இருக்கும் பக்கம் ஆவியைக் கொண்டே போகவில்லை. ஒரு கையில் ஆவி, பின்னாலேயே மறுகையில் துணி. ஓர் இழுப்பு, ஒரு துடைப்பு. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு, "சூடு அழுக்கைக் கிளப்பத்தாம்மா செய்யும், எடுக்காது. கிளப்பிட்டுத் துடைக்காம விட்டோம்னா முன்னைவிட மோசமாப் படிஞ்சிடும்" என்றாள். உன் அப்பா உட்கார்ந்த இருக்கைக்குக் கீழே, அவர் கைத்தடியின் நுனி முப்பத்தைந்து வருடம் ஊன்றி ஊன்றிக் கறுத்த வட்டம் ஒன்று உண்டல்லவா, அதைக் காட்டி, "இதை விட்டுடவா, எடுத்துடவா?" என்று கேட்டாள். எடுத்துத் தொலை என்றேன். எடுத்துவிட்டாள். இப்போது அங்கே கம்பளம் மட்டும் இருக்கிறது, நீ வருத்தப்பட வேண்டியதில்லை.

பிறகு ஹேண்ட்பிரேக்குக்கு வந்தாள். அதைச் சுற்றியிருந்த தோலுறையில் அழுக்கு மெழுகு மாதிரி இறுகியிருந்தது. ஆவி காட்ட அது உருகிக் கறுப்பாக ஒழுகியது. உறையைக் கழற்றி உள்ளேயும் துடைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டு, "அம்மா, இதுல பல்லே இல்லையே. வண்டியை எப்படி நிறுத்தினீங்க இத்தனை நாளா?" என்றாள். அந்த மாடலுக்கு உதிரிப் பாகம் கடைசிவரை கிடைக்கவில்லை, கியரில் போட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் செங்கல் வைப்போம் என்று நான் சொல்வதற்குள் உன் தம்பி முந்திக்கொண்டான். "அது எங்க அக்கா சின்னப் புள்ளையா இருக்கும்போது இழுத்து ஒடைச்சது. அதுலதான் அப்பாவுக்குக் கால் போச்சு" என்றான், ஏதோ பெருமைக்குரிய குடும்ப வரலாறு போல. அப்போது அவனுக்கு ஐந்து வயது. பார்த்தது ஒன்றுமில்லை, கேட்டதை ஒப்பிக்கிறான். அவள் குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். "இது ஒடைஞ்சது இல்ல சார். தேஞ்சது. ஒடைஞ்சா முனை கூரா இருக்கும், இது வழவழன்னு இருக்கு. பிடிச்ச மாதிரி நிக்கும், கொஞ்ச நேரத்துல தானா விட்டுடும். ஒரு குழந்தை இழுத்து இப்படி ஆகாது" என்றாள். உன் தம்பி படம் எடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் இயந்திரத்தின் அழுத்த முள்ளைப் பார்த்தேன்.

போன வாரம் நீ பேசியதை நினைத்துக்கொள். புதிய ஆய்வகம் ஊருக்கு வெளியே, பேருந்து கிடையாது, இதுவரை கொண்டுபோய் விட்டவருக்குக் கண் போயிற்று, ஆகவே மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுகிறேன் என்றாய். நீயே கார் ஓட்டக் கற்றுக்கொள்ளேன் என்றதற்கு, "வேண்டாம்மா, நான் ஸ்டீயரிங்கைத் தொட்டா யாருக்காவது கால் போகும்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நாற்பத்தேழு வயதுப் பெண், முனைவர் பட்டம் வாங்கியவள், இருபது வருடம் உழைத்துப் பெற்ற பதவியை ஓர் இரும்புக் கம்பிக்குப் பயந்து உதறுகிறாள் என்று கேட்டபோது எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலுக்கு எனக்கு உரிமை இல்லை என்பதை நேற்று அந்தப் பெண் துணியை மடித்துக்கொண்டே எனக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆகவே கேள். அன்று நீ அந்தக் கம்பியை இழுத்திருக்கலாம், இழுக்காமலும் இருந்திருக்கலாம்; இரண்டும் ஒன்றுதான். பல் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் ஒரு மாதம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அதனால்தான் வீட்டில் அந்தச் செங்கல் வழக்கமே வந்தது: வண்டியை யார் கொண்டுவந்து நிறுத்தினாலும் இறங்கியதும் பின்சக்கரத்துக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டும். வாசல் சரிவு, கீழே கேட். அன்று கல்லூரியிலிருந்து வண்டியைக் கொண்டுவந்தவள் நான். நியூட்ரலில் விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். நீ விளையாட ஏறி உட்கார்ந்தாய். உன் அப்பா கேட்டைச் சாத்தப் போனார். மற்றது உனக்குத் தெரியும், எட்டு வயதில் பார்த்ததை நீ மறக்கப்போவதில்லை.

நீ இப்போது என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். பிரேக் தேய்ந்திருந்தால் என்ன, செங்கல்லை எடுத்தது நான்தானே, என் பொம்மை வீட்டில்தானே அது கிடந்தது என்பாய். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதே செங்கல்லை எடுத்து உன் பொம்மை வீட்டுக்குச் சுவர் கட்டி என்னிடம் திட்டு வாங்கியிருந்தாய். ஆகவே யாருக்கும் சந்தேகமில்லை, உனக்கே சந்தேகமில்லை.

ஆசியை இங்கேயே எழுதிவிடுகிறேன். கீழே இருப்பதைப் படித்த பிறகு அது உனக்கு வேண்டாததாகிவிடலாம். நீயும் உன் வீட்டுக்காரரும் நெடுநாள் இருங்கள், அவர் கண் மேலும் கெடாமல் இருக்கட்டும், உன் கைக்கும் காலுக்கும் துணிவு வரட்டும். வேலையை விடாதே. திங்கட்கிழமை ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடு. கற்றுக்கொடுப்பவர் உன் தம்பியின் நீராவி நிபுணரைப் போல வாய்ப்பேச்சுக்காரராக இருந்தால் ஆளை மாற்று, வகுப்பை மாற்றாதே. சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்து. இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நானும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். கடிதத்தின் நடுவில் யாரும் குறுக்கிட முடியாது.

சரிவுத்தளத்தையும் உராய்வையும் முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியவள், அன்று கையில் விடைத்தாள் கட்டு இருந்தது, குனிந்தால் புடவையில் மண் படும் என்று செங்கல் வைக்கவில்லை. அது காலையில் நான் தள்ளிவைத்த இடத்திலேயே, சுவரோரம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டியைத் தள்ளி அவரை விடுவித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்கள். நீ அப்பா பக்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாய். அந்த இரண்டு நிமிடத்தில் நான் அந்தச் செங்கல்லை எடுத்துக்கொண்டுபோய் உன் பொம்மை வீட்டில் வைத்தேன். உன் அப்பா தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னிடம் மட்டும், "அது உன் தப்பில்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீ அவர் தேற்றுகிறார் என்று நினைத்தாய். அவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா