புளியமரமும் எங்கள் முன்னேற்றச் சங்கமும்

1943 டிசம்பர் 2

இன்றும் கூட்டம் நடக்கவில்லை. கப்பல்துறை முன்னேற்றச் சங்கத்துக்கு வந்தவர்கள் இருவர்: தலைவர் முத்துலிங்கமும் செயலாளராகிய நானும். மற்றவர்கள் எல்லாருக்கும் சீனக்குடா விமானத்தளத்தில் கூலி வேலை. சண்டை தொடங்கிய பிறகு ஊருக்குள் ஓர் ஆளைப் பிடிக்க முடியவில்லை. தலைவர் அதற்கும் வரவேற்புரை நிகழ்த்தினார். எனக்கு!

டிசம்பர் 5

இரவு முழுக்கப் புயல். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்துவிட்டன. கண்டி ரோட்டில் நின்ற பெரிய புளியமரம் குறுக்கே சரிந்து கிடந்தது. முன்பென்றால் சங்கத்து ஆட்கள் கோடரியும் கயிறுமாக வந்து நிற்பார்கள். இன்று பட்டாளத்தார் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்கள். எங்கே? அன்னப்பிள்ளை அக்காவின் வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கைக்குள்! ரோட்டு அவர்களுடையது, ஒழுங்கை எங்களுடையதாம்.

டிசம்பர் 6

அக்கா காலையிலேயே வந்து நின்றார். மகள் குணமணிக்கு நிறைமாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்த முறை பிள்ளைப்பேற்று நோ வந்ததும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் டொக்டர். ஒழுங்கையிலோ ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் முள்வேலி, நடுவில் மரம். வண்டிக்கார ஜெமீல் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். "இதுக்கு மேலால மாடு ஏறுமா, நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்?"

"சங்கம் எண்டு ஒண்டு இருக்குத்தானே தம்பி," என்றார் அக்கா.

இருக்குது, இருக்குது. பெயர்ப்பலகையில.

டிசம்பர் 7

வீடு வீடாக ஏறி இறங்கினேன். சின்னப்போடிக்கு இடுப்புப் பிடிப்பாம், குனிய ஏலாதாம். அதே இடுப்போடு அவர் விமானத்தளத்து லொறியில் தொங்கிக்கொண்டு போனதை நான் கண்டேன்.

தலைவரைக் கோடரியோடு வரச் சொன்னேன். "முதல்ல கூட்டம் கூடித் தீர்மானம் எடுக்கவேணும். பிறகு அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போடுவம்."

பிள்ளை தீர்மானம் பாத்தா பிறக்கும்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நானே போய் வெட்டினேன் — ஒரே ஒரு கொப்பு. இரண்டு கையிலும் கொப்புளம். கரும்பலகையில் சோக்கட்டி பிடிக்கிற கை.

டிசம்பர் 8

பட்டாளத்துக் குசினிகள் வந்த பிறகு ஊரில் விறகுக்கு அடிபிடி. மரத்தைச் சும்மா எடுங்கள் என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள்; நாளைக்குப் பார்ப்பம் என்பார்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? ஒரு பலகையில் எழுதி மரத்தில் அறைந்துவிட்டு வந்தேன்: 'இம்மரம் சங்கத்தின் சொத்து. எவரும் தொடக்கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

டிசம்பர் 9

ஒரு கொப்புக்கூட மிச்சமில்லை.

டிசம்பர் 10

அடிமரமும் போய்விட்டது. பலகையையும் விடவில்லை, பாவிகள்.

டிசம்பர் 11

மத்தியானம் குணமணிக்கு நோ கண்டது. ஜெமீலின் வண்டி வாசல்வரை போய் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. நான் ரோட்டில் நின்று பார்த்தேன். அழுதுவிட்டேன். அழுதால் என்ன?

டிசம்பர் 19

சங்கச் சொத்துக் களவுபோனது பற்றி விசாரிக்கத் தலைவர் கூட்டம் போட்டார். பொலிசுக்குப் போகப்போகிறார் என்று கதை பரவியதில் மண்டபம் நிறைந்துவிட்டது, கதிரை போதவில்லை. ஒரு பெட்டையின் உயிருக்கு வராத ஆட்கள்! ஒவ்வொருவராக எழும்பிச் சத்தியம் செய்தார்கள்.

"என்ர கண்ணாணை, நான் அந்தப் பக்கமே போகேல்ல," என்றார் சின்னப்போடி.

அந்த நேரம் பார்த்து அன்னப்பிள்ளை அக்கா கற்கண்டுத் தட்டோடு உள்ளே வந்தார். தாயும் பிள்ளையும் இன்று வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். பெண்பிள்ளை, நல்ல சுகம். "அந்த மரத்தை வெட்டின புண்ணியவான் ஆர்? நான் கையெடுத்துக் கும்பிடவேணும்."

 சின்னப்போடி மெல்ல எழும்பினார். "அடிமரம் நான்தான் அக்கா."

"கொப்பெல்லாம் நாங்கள்!" என்றது பின்வரிசை.

பிறகென்ன, ஆளையாள் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கு என்றும் பாராமல், கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பார்க்க எல்லாரும் அக்காவின் பின்னால் போய்விட்டார்கள்.

தலைவர் வெறும் கதிரைகளைப் பார்த்து நன்றியுரையைத் தொடங்கினார். நானும் எழும்பிப் போனேன்.