டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட குரல்

அன்புள்ள மகள் வாலுவுக்கு,

நானும் அப்பாவும் நலம். வீட்டில் நலமில்லாதது கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மா பேப்பரில் எழுதி அனுப்பியிருக்கிறாளே என்று பதறாதே. போனில் நாலு வரிக்கு மேல் அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்கு அப்படிச் செய்ய முடியாது, பார்.

குரல்வளையை எடுத்த கழுத்துப் புண் நன்றாக ஆறி வருகிறது. மூச்சு கழுத்து வழியாகப் போய் வருவதும் பழகிவிட்டது. தும்மல் வந்தால் மட்டும் எங்கே கை வைப்பது என்று இன்னும் குழப்பம். நான் கூப்பிடுவதற்காக அப்பா ஒரு மணி வாங்கி வந்தார். கழுத்தில் கட்டிக்கொள்ளவா என்று எழுதிக் காட்டினேன். பாவம், முகம் சுருங்கிப் போய் அதை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார். இப்போது கை தட்டித்தான் கூப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் என் குரலைப் பதிவு செய்து வைத்தேன் அல்லவா? பேச்சுப் பயிற்சி மையத்து டாக்டரம்மா கொடுத்த வாக்கியங்களை எல்லாம் படித்து அனுப்பினால், என் குரலிலேயே பேசும் கருவி ஒன்று செய்து தருவதாகச் சொன்னார்கள். நான் தட்டச்சு செய்தால் அது பேசும். வாக்கியங்கள் பாதி அசட்டுத்தனம். 'நீல நாற்காலி நனைந்துவிட்டது' என்று நான் எந்தக் காலத்தில் யாரிடம் சொல்லப்போகிறேன்? ஆனால் எல்லா ஓசையும் வர வேண்டுமாம். அதை முடித்துவிட்டு, என் ஆசைக்குச் சிலதும் பேசி வைத்தேன். 'கிளட்ச்சை மெதுவா விடு.' 'கண்ணாடியைப் பாத்தியா?' 'பிரேக்' என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னேன்: சாதாரணமாக ஒன்று, கொஞ்சம் சத்தமாக ஒன்று, சுவர் ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் ஒன்று. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு வாய்தானே முக்கால்வாசி வேலை செய்கிறது!

அனுப்புவதற்குள் ஆஸ்பத்திரியில் தேதியை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று அவசரமாகக் கிளம்பினோம். இப்போது கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரைதான் வருகிறது. மேலே ஓரத்தில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி. எதையோ காணவில்லை என்கிறது. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று அப்பா பென் டிரைவ் வாங்கியே வைத்திருந்தார். உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. நான் எப்படியும் பேசப்போவதில்லை, அவரும் பேசுவதில்லை என்று சொல்ல வந்தேன்.

நாளைக்குக் கடையில் கொடுக்கிறோம். நீ கவலைப்படாதே. அன்றைக்கு நீ போன் செய்தபோது நான் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீயும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாய். அதற்காகக் கஷ்டப்பட்டுக்கொண்டு இருக்காதே. எனக்குப் புரிந்தது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா

•

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பதில் வந்தது. ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் பாதி கம்ப்யூட்டரைப் பற்றிய கேள்விகள், மீதி என் மாத்திரைகளைப் பற்றிய கேள்விகள். உன்னைப் பற்றி 'நல்லா இருக்கேன்' என்று இரண்டே சொல். சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். அது கண்டுகொள்ளவே இல்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, ரெண்டு மூணு தடவை இருக்கும் என்றார். நான் எழுதிக் காட்டும் பலகையில் 'காலையிலும் மாலையிலும்' என்று எழுதி நீட்டினேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே தட்டு மாதிரி ஒன்று சுழலுமாம். அதன்மேல் உரசாமல் ஓடிப் படிக்கிற முனை ஒன்று இருக்கிறதாம். அது கெட்டுப்போய்விட்டது. ஒவ்வொரு தடவை போடும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறதாம். 'இதுக்கு மேல நான் கை வெச்சா உள்ளதும் போயிடும்மா' என்றார். வேறு ஊரில் இதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறதாம். தூசி புகாத அறையில் வைத்துத் திறந்து, இதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் முனையை எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்களாம். அங்கே அனுப்பியிருக்கிறோம். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை.

உன் அப்பாவை நீ பார்க்க வேண்டும். ஒரு வார்த்தை பேசக் காசு கேட்கிற மனிதர், இப்போது தினமும் அந்தக் கூடத்துக்குப் போன் செய்து, அவர்கள் எடுத்ததுமே 'என் மனைவியோட குரல் உங்ககிட்ட இருக்கு' என்று ஆரம்பிக்கிறார். முதல் நாள் அவர்கள் பயந்தே போயிருப்பார்கள். ஆள் கடத்தலா என்ன என்று!

பகலில் எனக்குத் தைரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். போன வாரம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பதிலாக வருகிற தம்பி நல்லவன்தான், பொறுமைசாலி. ஒரு திருப்பத்தில் கற்றுக்கொள்கிற பெண் தடுமாறினாள். என் வாய் தானாகத் திறந்துவிட்டது. 'பிரேக்' என்றுதான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அவன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

குரல் வராவிட்டால் வேறு யார் குரலையாவது கருவியில் போட்டுத் தருவார்கள். டாக்டரம்மா சிலதைப் போட்டுக் காட்டினார். எல்லாம் சுத்தமான குரல்கள்தான். அதில் ஒன்று 'வணக்கம்' என்றது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

உன் வேலை எப்படி இருக்கிறது? அதை எழுது.

உன் அம்மா

•

என் கண்ணே,

பார்சல் வந்துவிட்டது. நீ உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவை முதலிலேயே சொல்கிறேன். குரல் வந்துவிட்டது. முழுசாக இல்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே. டாக்டரம்மாவிடம் கொடுத்துப் பார்த்தோம். இது போதும், ஆனால் சளி பிடித்த மாதிரி கொஞ்சம் கரகரப்பாக இருக்கும் என்றார். இருந்துவிட்டுப் போகட்டும். என் குரல் எப்போது தேனாக ஒழுகியது? கார் பாடங்கள் ஒன்றுகூட வரவில்லை. தட்டில் அந்த இடம் அழிந்துபோய்விட்டதாம். கருவி வந்ததும் அதையே 'பிரேக்' என்று சொல்ல வைத்துப் பழக்க வேண்டும்.

நான் எழுத வந்தது இது இல்லை.

வந்த பதிவுகளுக்குப் பெயரே இல்லை. எல்லாம் வெறும் எண்கள். எது எந்த வாக்கியம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். என்னால் கேட்க முடியவில்லை. முதல் ஒன்றைப் போட்டதுமே நிறுத்தச் சொல்லிக் கை தட்டிவிட்டேன். அப்பாதான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து கேட்டார். நான் ஹாலிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்காலி நனைந்ததற்கெல்லாம் ஒரு மனிதன் கண் துடைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் ஒன்றைக் கேட்கும்போது அப்படியே நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, 'இதை நீயே கேளு' என்று கொண்டு வந்து கொடுத்தார்.

நான் பதிவு செய்துகொண்டிருந்தபோது நீ போன் செய்திருக்கிறாய். பதிவை நிறுத்த மறந்து நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். உன் குரல் அதில் இல்லை. என் பேச்சு மட்டும்தான். அந்த வாரம்தான் எனக்கு டாக்டர் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லியிருந்தார். உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. நடுவில் ஒரு நொடி சும்மா இருந்தாலும் வாய் தவறி வந்துவிடும் என்று பயந்து, விடாமல் பேசியிருக்கிறேன். கார் பழக வந்து வாசல் கேட்டை இடித்த பெரியவர், எதிர்வீட்டுப் பூனை, மிக்ஸி ரிப்பேர் என்று அப்பப்பா, மூச்சே விடவில்லை!

ஆனால் இடையிடையே நான் நிறுத்துகிற சின்ன இடங்கள் இருக்கின்றன. அப்போது நீ பேசுகிறாய். ஓரிடத்தில் நான், 'என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு, ஜலதோஷமா?' என்று கேட்கிறேன். நீ ஏதோ சொல்கிறாய். நான் உடனே, 'சுடுதண்ணி குடி, சரியாப் போயிடும்' என்கிறேன். அப்புறம் நீ எதையோ ஆரம்பிக்கிறாய். நான், 'யாரு? உனக்குப் பிடிச்ச அந்தப் பையனா? அவனுக்கென்ன?' என்கிறேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நீதான் பேசியிருக்க வேண்டும். நான் 'ம்' கூடச் சொல்லவில்லை. அப்புறம், 'அட, இரு இரு, பூனைக் கதையை முடிக்கல' என்று சிரிக்கிறேன். கடைசியில், 'என்னமோ சொல்ல வந்தியே? ஒண்ணுமில்லையா? சரி, வெச்சிடுறேன்' என்று சொல்லி வைத்தும் விடுகிறேன்.

திரும்பத் திரும்பக் கேட்டேன், வாலு. நீ என்ன சொன்னாய் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வராதது இல்லை, நான் கேட்கவே இல்லை. அதற்கு அடுத்து நான் என் விஷயத்தைச் சொன்னேன். நீ ஓடி வந்தாய். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே கிடந்தாய். அப்போதும் அந்தப் பையன் பெயரை நீ எடுக்கவில்லை. உன் கடிதத்திலும் இல்லை. மெலிந்திருந்தாய். எனக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

டிஸ்க்கைத் திறந்த அந்தக் கூடத்தில் எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் உன் பக்கத்துப் பேச்சை எடுத்துத் தர முடியாது. அது உன்னிடம்தான் இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். கருவி வரட்டும், அம்மா பேசட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. அப்பாவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஆறுதல் சொல்ல மாட்டேன், புத்தி சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. அழ வேண்டும் என்றால் அழு. ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை என்றால் அதுவும் சரி, போனை மட்டும் வைத்துவிடாதே. விரலால் போனை ஒரு தட்டு தட்டுவேன். 'ம், கேட்கிறேன்' என்று எடுத்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே. நன்றாக இல்லை என்றால், அதை எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா