முத்திரையில் இருந்த ஆண்டு

ஜூலை 5, சனி
மழை இல்லை, காற்று மட்டும். ஊர் நூலகத்தில் தமிழ்ப் புத்தக வேலை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் புத்தக விவரம் சேர்க்கிற இணையப் பட்டியல் ஒன்று. மலையாள மண்ணில் இருக்கிற நம் எருத்தேன்பதிப் பக்கத்துத் தமிழ்ப் புத்தகங்களும் அதில் இருக்கட்டுமே.

புதிதாக மூன்று பேர். காலேஜ் பெண்கள் இருவர், மயிலாத்தாள் அக்கா. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, நான்கு மாடு, எட்டாவதோடு நின்ற படிப்பு.

சொல்லிக்கொடுத்தது: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு. முன்பக்கம் கிழிந்திருந்தால் நூலக முத்திரையில் ஆண்டு பார்க்கவும். பார்த்ததைப் பார்த்தபடி அடிக்கவும், சொந்த மூளை வேண்டாம். மூன்று தடவை சொன்னேன். பள்ளிக்கூடத்தை விட்டாலும் இந்த டீச்சர் புத்தி போகாது.

வந்தவர்களுக்கு வடை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்
காலேஜ் பெண்கள் இதுவரை போட்டது பதினொரு புத்தகம். அக்கா எண்பத்தாறு! வெளியே இருந்த கிழிந்த புத்தகம் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டார்; பெரிய பீரோவில் இருக்கிற பழசு இன்னும் பூட்டியே கிடக்கிறது. பால் கறந்து ஊற்றிவிட்டு வந்து மதியம் வரை உட்காருகிறார். ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் அவர் பெயர். ரேஷன் கார்டுக்கு வெளியே தன் பெயர் வந்த இடம் இதுதானாம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற தன் தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

ஜூலை 10, வியாழன்
மோசமான நாள். அக்காவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். பட்டியல் மேற்பார்வையாளர் யாரோ, ஆங்கிலத்தில் கடிதம். 1148, 1151, 1153 என்று எண்பத்தாறு புத்தகத்துக்கும் ஆண்டு. அப்போது இந்தப் பக்கம் அச்சகம் ஏது, விஷமம் போலிருக்கிறது, ஞாயிறன்று அத்தனையும் நீக்கப்படும்.

ஓடிப்போய் முத்திரைகளைப் பார்த்தேன். மசியில் எழுதியது மலையாள வருஷம், ஆங்கில ஆண்டைவிட 825 குறைவு. வீட்டுக் காலண்டரில் தினமும் கண்ணில் படுகிற கணக்கு, எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா பார்த்ததைப் பார்த்தபடி அடித்திருக்கிறார்.

போன் செய்தேன். "நீங்க சொன்னதத்தானுங்க டீச்சர் போட்டேன். களவாணியாட்ட வெளிய தள்ளீட்டாங்களே" என்றார். வைத்துவிட்டார். அவமானமாக இருக்கிறது. அவருக்கு அல்ல, எனக்கு.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் இதற்குச் சிரிப்புப் படம் போட்ட காலேஜ் பெண்ணுக்கு நல்ல டோஸ்.

ஜூலை 11, வெள்ளி
மேற்பார்வையாளருக்குக் கடிதம்: தப்பு என்னுடையது, அவருடையது அல்ல. எல்லா ஆண்டோடும் 825 கூட்டிப் போட்டுவிடுகிறோம், ஒரு சாயங்கால வேலை. கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

சாயங்காலம் அதைச் சொல்ல அக்கா வீட்டுக்கே போனேன். தீவனப்புல் நறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது அச்சடிச்ச வருசம் இல்லீங்களே. பொஸ்தகம் நம்மூருக்கு வந்த வருசமுங்க. கூட்டிப் போட்டாலும் பொய்தானுங்க."

ஆமாம். கற்றுக்கொடுக்க வந்தவள் ஒரே வாரத்தில் இரண்டு தரம் சறுக்கியிருக்கிறேன்.

வேறென்ன செய்யலாம் என்று கேட்டேன். ஆண்டை வெறுமையாக விடலாம், முத்திரையில் இருப்பதைக் குறிப்பில் தனியாக எழுதலாம் என்றார். அங்கேயே, மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று, இரண்டாவது கடிதம். யோசனை மயிலாத்தாளுடையது என்று பெயரோடு எழுதினேன்.

ஜூலை 12, சனி
பதில் இல்லை. கரன்ட் இரண்டு தடவை போயிற்று. காலேஜ் பெண்கள் வந்தார்கள், அக்கா வரவில்லை. ஞாயிறு என்றால் எந்த நேரத்து ஞாயிறு?

ஜூலை 13, ஞாயிறு
பத்து மணிக்குப் பதில். நீக்கவில்லை. கணக்கு திறந்தாயிற்று. திருத்தம் அக்கா சொன்னபடியே. கூடவே ஒரு கேள்வி: இதைப் புதிதாக வருகிறவர்களுக்கான வழிகாட்டியில் அவர் பெயரோடு சேர்க்கலாமா?

அக்காவுக்குப் போன் போட்டு வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"செரீங்க. அந்தப் பெரிய பீரோ சாவி யாருகிட்ட இருக்குதுங்க?"